கிரேட் பேசின் பூங்காவில் மூன்று இரவு: முதல் இரவு எந்த உயரத்தில் படுப்பது?

#1 · புதுப்பாதை

நெவாடாவில் இருக்கும் கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்கு ஜூலை மூன்றாம் வாரம் போகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், ஒரு நாய், மூன்று இரவு. லாஸ் வேகஸில் விடிகாலை கிளம்பி, அன்று சாயங்காலமே வீலர் பீக் முகாமில் டென்ட் அடித்துவிட்டு, மறுநாள் காலை வீலர் சிகரம் ஏறுவதாகத் திட்டம். கூட வரும் நண்பர் 25 அடி நீள மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கிறார்.

கையிருப்பு: மூன்று பருவ டென்ட் இரண்டு, உறையில் ‘20 டிகிரி ஃபாரன்ஹீட்’ என்று அச்சிட்ட ஸ்லீப்பிங் பேக், காற்றடிக்கும் பாய் (குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு 2), சிலிண்டர் தலையில் திருகும் கேஸ் ஸ்டவ். பாலைவனம் என்பதால் கம்பளி எதுவும் பட்டியலில் இல்லை. எதை மாற்ற வேண்டும், சொல்லுங்கள்.

#2 · உயரமானி

மாற்ற வேண்டியது சில இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது முதல் இரவு.

லாஸ் வேகஸ் சுமார் 2,000 அடி. வீலர் பீக் முகாம் 9,886 அடி, அதாவது 3,013 மீட்டர். ஒரே பகலில் 2,400 மீட்டர் மேலே போய் அங்கேயே படுக்கிறீர்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 69 சதவீதம் அளவுதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு மாறுவதில்லை, அதே 21 சதவீதம். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. பகலில் உடம்பு வேகமாக மூச்சு வாங்கிச் சமாளித்துவிடும். தூக்கத்தில் மூச்சு மந்தமாகும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தீர்கள் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் படுத்தீர்கள் என்பதை மருத்துவர்கள் கேட்பது இதனால்தான்.

ஒரே நாளில் 2,800 மீட்டருக்கு மேல் போய்த் தூங்குவதை மலை மருத்துவ வழிகாட்டிகள் நடுத்தர ஆபத்தாகவே வகைப்படுத்துகின்றன. தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி எல்லாம் போய்ச் சேர்ந்த உடனே வராது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். உங்கள் திட்டப்படி அது சரியாக நடுராத்திரி. விடிந்ததும் சிகரம் ஏற வேண்டிய ஆள் விடிய விடிய விழித்திருப்பார்.

மாற்று சுலபம். முதல் இரவு லோயர் லேமன் கிரீக் (7,300 அடி, 2,225 மீட்டர்) அல்லது அப்பர் லேமன் கிரீக் (7,752 அடி) முகாமில் படுங்கள். இரண்டாம் நாள் வீலர் பீக் முகாமுக்கு ஏறி, பகலில் ஏரிகளைச் சுற்றும் 2.7 மைல் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிகரம் மூன்றாம் நாள்.

#3 · கல்லடுப்பு

உயரமானி சொல்லும் உடலியல் சரி, ஆனால் நடைமுறையில் இரண்டு சிக்கல். லோயர் லேமனில் மொத்தமே 11 இடம், ஜூலையில் சீக்கிரம் நிரம்பிவிடும். அடுத்தது, மூன்று இரவுப் பயணத்தில் டென்ட்டைப் பிரித்து மறுபடி அடிப்பதில் அரை நாள் போகும். உயரத்தால் வரும் இந்த உபாதையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக மேலே போகிறவர்கள் நிறையப் பேர். வீலர் பீக்கில் 37 இடம் இருக்கிறது, ஜூலை வெயிலுக்கு அந்த உயரம்தான் இதம். கீழே பேக்கர் ஊருக்கும் அந்த முகாமுக்கும் 1,400 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் மேலே 9 டிகிரி குறைவு.

#4 · உயரமானி

கல்லடுப்பு, இடத் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் லோயர் லேமன் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்றில்லை. பேக்கர் கிரீக் முகாம் 7,530 அடி, கிரே கிளிஃப்ஸ் 7,500 அடி. எதில் இடம் கிடைத்தாலும் உடம்புக்கு ஒன்றுதான்.

மாத்திரையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடக் கூடாது. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனியில் ஊசி குத்துவது போல் இருக்கும். பயணத்தன்று காலையில் முதல் மாத்திரை போட்டுக்கொண்டு மாலையில் மேலே படுப்பவருக்கு அதன் முழுப் பயன் கிடைக்காது. அரை நாள் மிச்சம் பிடிப்பதற்காக நான்கு பேர் மருந்து சாப்பிடுவதைவிட, ஒரு டென்ட்டைப் பிரித்து அடிப்பது மலிவு. 15 நிமிட வேலை அது.

அடையாளங்களை நால்வரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெறும் தலைவலி என்றால் அதே உயரத்தில் ஓய்வு, தண்ணீர், ஐபுப்ரோஃபென். மேலே ஏறக் கூடாது. ஒரு காலின் குதியை மற்றக் காலின் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீலர் பீக் முகாமின் நல்ல அம்சமே வாசலில் தார் ரோடு இருப்பது. பேக்கர் வரை ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் 1,400 மீட்டர் இறங்கிவிடலாம். அதனால் இரவில் ஒரு கார் வெளியே போகும் முகமாக நிற்கட்டும், ஓட்டத் தெரிந்த ஒருவர் மது தொடாமல் இருக்கட்டும். படுக்கும் முன் மது குடித்தால் தூக்கத்தில் மூச்சு இன்னும் மந்தமாகும். முதல் இரண்டு இரவு யாருக்குமே வேண்டாம்.

#5 · மேட்டுச்சாலை

25 அடி மோட்டார்ஹோமைப் பற்றி யாரும் பேசவில்லையே. அப்பர் லேமன் கிரீக் முகாமைத் தாண்டி 24 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஓர் அடிதானே என்று பேசிப் பார்க்க முடியாது. மேலே எட்டு சதவீதச் சாய்வும் கொண்டை ஊசி வளைவுகளுமாகப் போகும் ரோடு. வாடகை நிறுவனம் ‘25 அடி வகுப்பு’ என்று சொல்வது பல சமயம் வகையின் பெயர். உண்மை நீளத்தைப் பம்பருக்குப் பம்பர், பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியோடு சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். மோட்டார்ஹோம் கீழே லேமன் கிரீக்கில் நிற்கட்டும், மேலே காரில் போங்கள்.

லாஸ் வேகஸிலிருந்து ஏறக்குறைய 300 மைல். 93ஆம் எண் சாலையில் கலியன்டே, பயோச்சி வழியாக வடக்கே வருவீர்கள். பயோச்சியைத் தாண்டியதும் மேஜர்ஸ் பிளேஸ் சந்திப்பு வரை 80 மைல் அளவுக்கு ஆளரவம் குறைவு. அதனால் பயோச்சியிலேயே டாங்கை நிரப்பிவிடுங்கள். பேக்கர் மிகச் சிறிய ஊர், பெரிய மளிகைக் கடையை எதிர்பார்க்க வேண்டாம். மறந்த பொருளுக்காக ஈலி ஊருக்குப் போவதென்றால் போகவர 130 மைலுக்குக் குறையாது.

எலெக்ட்ரிக் கார் என்றால் கணக்கு இப்படி: ஆளும் சாமானும் சேர்ந்து 2,500 கிலோ வண்டி, லேமன் குகைப் பார்வையாளர் மையத்திலிருந்து வீலர் பீக் முகாம் வரை 933 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் 6.4 யூனிட் மின்சாரம். இது தூரத்துக்கு ஆகும் செலவு போக. இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

பெட்ரோல் வண்டியில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக் கருகிய வாடை வந்தால் ஒதுங்கி 20 நிமிடம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான டிஸ்க் கோணிவிடும்.

#6 · பின்யோன்

டென்ட் பற்றி. உயர்பாலையில் மழையைவிடத் தரையும் காற்றும்தான் தொல்லை.

டென்ட்டோடு வரும் மெல்லிய வளைந்த கம்பி முளைகள் இந்தத் தரைக்கு ஆகாது. மேலே ஒரு விரற்கடை மண், அடியில் கல், தட்டினால் வளைந்துவிடும். 8 அங்குல எஃகு ஆணி, தலையில் பெரிய வாஷர் போட்டது, டென்ட் ஒன்றுக்கு எட்டு கொண்டுபோங்கள். ஆணியை நேராக இறக்காமல் தலை டென்ட்டுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள், கயிறும் ஆணியும் செங்கோணமாக இருக்கட்டும். ஆணியே இறங்காத இடத்தில் கயிற்றின் நுனியை முழ நீளக் குச்சி ஒன்றில் கட்டி, குச்சிக்கு முன்னால், அதாவது டென்ட் பக்கம், தலையளவு கல்லை வையுங்கள். கயிறு கல்லுக்கு அடியில் போகட்டும். கயிறு இழுக்கும்போது குச்சி கல்லில் முட்டி நிற்கும். கயிற்றைக் கல்லில் நேராகச் சுற்றினால் விளிம்பில் உராய்ந்து ஓர் இரவிலேயே அறுந்துபோகும்.

காற்று இங்கே நேரம் பார்த்துத் திசை மாறும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகிக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். சூரியன் மறைந்ததும் குளிர்ந்து கனத்த காற்று ஓடையின் வழியே கீழே வழியும். மாலையில் வீசும் திசையைப் பார்த்து வாசலை அமைத்தால் ராத்திரி குளிர்காற்று நேராக உள்ளே வரும். டென்ட்டின் தாழ்ந்த, ஒடுங்கிய முனையை மலைப்பக்கம் வையுங்கள். ஓடைக் கரையை ஒட்டிய இடம் பார்க்க அழகு, ஆனால் குளிர் தேங்குவதும் அங்கேதான், காலையில் டென்ட்டுக்குள் ஈரம் கோப்பதும் அங்கேதான். ஓடையிலிருந்து பத்துப் பதினைந்து அடி மேடான இடம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். வீலர் பீக் முகாமில் ஆஸ்பென் மரங்கள் நிறைய; பட்டுப்போன ஆஸ்பென் முன்னறிவிப்பு இல்லாமல் சாயும்.

பகலில் டென்ட் வெறுமையாக இருக்கும்போதும் உள்ளே நாலு மூலையிலும் கனம் வையுங்கள். குவிமாட டென்ட் பிற்பகல் காற்றில் உருண்டுபோவதற்கு முக்கியக் காரணம், ‘சாயங்காலம் வந்து கயிறு கட்டலாம்’ என்று விட்டுப்போவது.

#7 · குளிர்கணக்கு

ஸ்லீப்பிங் பேக் உறையில் இருக்கும் 20 டிகிரி (மைனஸ் 7 செல்சியஸ்) எந்த எண் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 சோதனைப்படி ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று முக்கியமாக இரண்டு எண் வரும். பல நிறுவனங்கள் பெயரில் போடுவது லிமிட் எண்ணை: உடலைக் குறுக்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். கம்ஃபர்ட் எண் அதைவிட 5, 6 டிகிரி செல்சியஸ் மேலே இருக்கும். உங்கள் பை உண்மையில் உறைநிலை வரைக்கும்தான் சுகமாகத் தூங்கவிடும். 10,000 அடியை ஒட்டிய இடத்தில் கோடையிலும் இரவு அதற்கு அருகே போகலாம். ஜூலைக்கு அந்தப் பை போதும், ஆனால் பாய் போதாது.

தோல்வி வரப்போவது ஆர் மதிப்பு 2 பாயில். உடம்பின் கனத்தில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால் கீழே காப்பு எதுவும் மிஞ்சாது. தரைக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது பாய் மட்டும். ஆர் 4 வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆர் மதிப்புகள் கூடும் என்பதால், மடக்கும் நுரைப் பாய் (ஆர் 2 அளவு) ஒன்றை அடியில் போட்டால் 4 ஆகிவிடும். கூர்க்கல் குத்திக் காற்றுப் பாய் ஓட்டையாவதையும் அது தடுக்கும்.

காற்றுப் பாயைப் பகலில் வால்வைத் திறந்தே வையுங்கள். கீழே இறுக அடைத்து மேலே கொண்டுபோனாலோ, பகல் வெயிலில் டென்ட்டுக்குள் விட்டாலோ, உள்காற்று விரிந்து ஒட்டுத் தையல் பிரியும். சன்ஸ்கிரீன் குப்பி, பற்பசை, சிப்ஸ் பாக்கெட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மேலே போய் முதல் தடவை திறக்கும்போது முகத்திலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

கம்பளித் தொப்பி, உலர்ந்த இரண்டாவது ஜோடிக் காலுறை, பஞ்சு அடைத்த ஜாக்கெட் மூன்றையும் பட்டியலில் சேருங்கள். வறண்ட காற்று வெப்பத்தைப் பிடித்து வைக்காது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

#8 · கல்லடுப்பு

சமையல் என் பகுதி. வீலர் பீக் முகாமில் தண்ணீர் 90 டிகிரியில் கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா மணிக்கணக்கில் வைத்தாலும் பாறை மாதிரி இருக்கும். குக்கர் இல்லையென்றால் பயறு வகை எதையும் கொண்டுபோகாதீர்கள், வேகவைத்து டின்னில் அடைத்ததை வாங்குங்கள். மெல்லிய பாஸ்தா, உடைத்த கோதுமை, ஓட்ஸ் ஆகும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் கால் பங்கு கூட விட்டு, மூடிமேல் கல் வைத்து, நெருப்பைத் தணித்து வேகவிடுங்கள்.

ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதென்றால் இந்த உயரத்தில் முழுக்கொதி மூன்று நிமிடம். கோடையில் முகாம்களில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, ஓடையை நம்ப வேண்டிய தேவையில்லை. ஆனாலும் 20 லிட்டர் கேன் இரண்டு காரில் நிரம்பியே இருக்கட்டும். குடிக்க ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், சமையலுக்கும் கழுவலுக்கும் 2. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் வியர்த்ததே தெரியாது. சிறுநீர் அடர்மஞ்சளானால் குடித்தது போதவில்லை என்று பொருள்.

கேஸ்: கேனிஸ்டரின் அடியில் கலவையைப் பாருங்கள். சாதாரண பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்கும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12, புரோப்பேன் மைனஸ் 42. உயரத்தில் வெளி அழுத்தம் குறைவதால் இந்த எண்கள் இன்னும் கீழே போகும், அது நமக்குச் சாதகம். ஆனால் எரியும்போது திரவம் ஆவியாகி டப்பாவையே குளிர்விக்கும். காலைக் குளிரில் பாதி காலியான பியூட்டேன் டப்பா சுடரைச் சுருக்கிவிடும். ஐசோபியூட்டேன்-புரோப்பேன் கலவை வாங்குங்கள், இரவில் ஸ்லீப்பிங் பேக் ஓரம் வையுங்கள். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்க 10 முதல் 15 கிராம் கேஸ். காற்றடித்தால் இரண்டு மடங்கு. நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 230 கிராம் டப்பா மூன்று.

காற்றுத் தடுப்புத் தகரத்தைத் திருகு ஸ்டவ்வைச் சுற்றி முழு வட்டமாக நிறுத்தாதீர்கள். சூடு டப்பாவுக்குத் திரும்பி வெடிக்கும் அபாயம் உண்டு. காற்று வரும் பக்கம் மட்டும், அரை வட்டம். டென்ட்டுக்குள் எதையும் எரிக்கக் கூடாது, குளிருக்காகக்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

#9 · புதுப்பாதை

நன்றி, நிறைய மாற்ற வேண்டியிருக்கிறது. நெருப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. விறகு வேகஸிலேயே வாங்கி வரலாமா? மேலே விழுந்து கிடக்கும் மரத்துண்டுகளை எடுக்கலாமா?

#10 · பின்யோன்

வேகஸிலிருந்து வேண்டாம். மரப்பட்டைக்குள் இருக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன. பூங்காவுக்குப் பக்கத்தில் வாங்குங்கள். முகாமில் இருக்கும் இரும்பு வளையத்துக்குள் மட்டும் எரியுங்கள். 10,000 அடிக்கு மேல் நெருப்பு மூட்டத் தடை. ஜூலையில் தீத்தடை நிலை எப்போது வேண்டுமானாலும் அறிவிக்கப்படலாம், அதனால் சமையலை விறகை நம்பித் திட்டமிடாதீர்கள்.

விழுந்த மரத்துண்டு விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பூங்காவில் அது வேறு இடங்களைப் போல இல்லை. மேலே இருக்கும் பிரிசில்கோன் பைன் மரங்கள் உலகின் மிக வயதான மரங்களில் சேர்ந்தவை. 1964இல், இது பூங்காவாகும் முன்பே, ஆய்வு ஒன்றுக்காக அனுமதியோடு வெட்டப்பட்ட ‘புரோமித்தியஸ்’ மரத்தில் 4,862 வளையங்கள் எண்ணப்பட்டன. அதன் கட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த மரம் பிசின் நிறைந்து மிக அடர்த்தியாக இருப்பதாலும், மேலே குளிரும் வறட்சியும் சேர்ந்திருப்பதாலும், செத்து விழுந்த பிறகும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். உயிரோடிருக்கும் மரத்தின் உள்வளையங்களும் செத்த கட்டையின் வெளிவளையங்களும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக அமையும்போது, இரண்டையும் பொருத்திக் காலக்கணக்கைப் பின்னோக்கி நீட்டுகிறார்கள். நீங்கள் சுள்ளி என்று நினைத்துப் பொறுக்கும் துண்டு அந்தக் கணக்கில் ஒரு கண்ணியாக இருக்கலாம். பிரிசில்கோன் தோப்பில் ஒரு குச்சியைக்கூட நகர்த்தாதீர்கள், பாதையை விட்டு வேர்மேல் நடக்காதீர்கள்.

அணைக்கும்போது: தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், புறங்கையைச் சாம்பலருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் அணையவில்லை. ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் ஒதுக்குங்கள். மண்ணைப் போட்டு மூடினால் அடியில் தணல் மறுநாள் வரை இருக்கும்.

#11 · மேட்டுச்சாலை

சிகரம் பற்றி. 10,160 அடியில் தொடங்கும் பாதை 13,063 அடியில் முடிகிறது, போகவர 8.6 மைல். கடைசி ஒன்றரை மைல் மரமே இல்லாத கல்மேடு. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கி, எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்பிவிடுங்கள். சிகரம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான் இந்த விதியை மீறத் தோன்றும், அதனால் கிளம்பும் முன்பே நால்வரும் நேரத்தைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

மேகம் காலிஃபிளவர் போலக் குவிந்து உயர்ந்தாலே இறங்கத் தொடங்கலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவென்றால் நீங்கள் ஏற்கனவே அதன் எல்லைக்குள். ஒற்றை மரம், பாறைக் குகைவாய், டென்ட் மூன்றுமே பாதுகாப்பல்ல. கண்ணாடி ஏற்றிய கார்தான் இடம்.

மேலே காற்றழுத்தம் 61 சதவீதம். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், காற்று புகாத ஜாக்கெட், கையுறை. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்துச் சதவீதம் அளவில் கூடும். மூக்கின் அடிப்பக்கத்திலும் காதுமடலிலும் சன்ஸ்கிரீன் தடவ மறந்துபோகிறவர்கள் நிறைய.

நாய் இந்தப் பாதைக்கு வர முடியாது. முகாமில் 6 அடிக் கயிற்றில் கட்டி வைக்கலாம். நடைபாதைகளில் லெக்ஸிங்டன் ஆர்ச் பாதையும், பேக்கர் ஊரிலிருந்து அங்கேயே இருக்கும் கிரேட் பேசின் பார்வையாளர் மையம் வரை போகும் பாதையும் தவிர வேறெங்கும் அனுமதி இல்லை. காரிலும் பூட்டி வைக்கக் கூடாது. சிகரம் ஏறும் நாளில் ஒருவர் முகாமில் தங்க வேண்டியிருக்கும், அதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

#12 · இரவுக்கண்

சில உதிரி விஷயங்கள்.

லேமன் குகைச் சுற்றுலாவுக்குச் சீட்டை முன்பதிவு செய்யுங்கள், கோடையில் தீர்ந்துவிடும். உள்ளே வருடம் முழுவதும் 10 டிகிரி செல்சியஸ். வேறு குகைக்கோ சுரங்கத்துக்கோ போட்டுப்போன உடை, காலணி, கேமரா எதுவும் கூடாது. வவ்வால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை துணியில் ஒட்டிப் பரவுகிறது. துவைத்தாலும் போதாது, வேறு ஜோடி கொண்டுவாருங்கள்.

நேரம்: பூங்கா பசிபிக் நேரத்தில் இயங்குகிறது, சில மைல் கிழக்கே யூட்டா ஒரு மணி நேரம் முன்னால். போன் யூட்டா கோபுரத்தைப் பிடித்தால் கடிகாரம் தானே மாறிவிடும். தானியங்கி நேர அமைப்பை அணைத்து வையுங்கள்.

சாப்பாடு, குப்பை, நாய்த்தீனி எல்லாம் காருக்குள், கண்ணாடி ஏற்றி. இங்கே கவலை மான்சுண்டெலி. அதன் எச்சத்தில் ஹண்டாவைரஸ் இருக்கலாம். காரிலோ பெட்டியிலோ எச்சம் கண்டால் பெருக்கவோ ஊதவோ கூடாது. ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, கையுறையோடு காகிதத்தால் துடைத்தெடுங்கள்.

வானம்: 2016 முதல் இது சர்வதேச இருள்வானப் பூங்கா. அமாவாசையை ஒட்டி நாள் அமைந்தால் பால்வீதியை வெறும் கண்ணால் பார்க்கலாம். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை டார்ச் அதை நொடியில் கெடுத்துவிடும். தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் வையுங்கள். கார் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கையும் அணைத்துவிடுங்கள், பக்கத்து முகாமில் இருப்பவருக்கும் அது தொல்லை.

#13 · புதுப்பாதை

திருத்திய திட்டம்: முதல் இரவு எல்லோரும் அப்பர் லேமன். இரண்டாம் நாள் காலை மோட்டார்ஹோமை அங்கேயே விட்டு, டென்ட்டோடு காரில் வீலர் பீக் முகாம், ஏரிகள் பாதை, மாலை ஓய்வு. மூன்றாம் நாள் ஐந்தரைக்குச் சிகரம், நண்பர் கீழே நாயோடு இருப்பார். நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் குகை, அங்கிருந்து வேகஸ். நுரைப் பாய் நான்கு, எஃகு ஆணி பதினாறு, கேஸ் டப்பா மூன்று வாங்கியாயிற்று. சரியா?

#14 · உயரமானி

சரி. இரண்டு திருத்தம் மட்டும். அப்பர் லேமனில் மோட்டார்ஹோம் நிற்கும் இடத்தை மூன்று இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், முதல் இரவுக்கு மட்டும் போட்டிருந்தால் இரண்டாம் நாள் மதியம் காலி செய்யச் சொல்வார்கள். அந்த இடம் கையில் இருந்தால் இன்னொரு வசதி: இரண்டாம் இரவு யாருக்காவது தலைவலி தாங்கவில்லை என்றால், 650 மீட்டர் கீழே படுக்கை தயாராக இருக்கும். நண்பரிடம் மோட்டார்ஹோமின் இன்னொரு சாவியை வாங்கிக் காரில் வையுங்கள்.

அடுத்தது, இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்கு நால்வரும் ஒருவரையொருவர் வெளிப்படையாகக் கேளுங்கள்: தலைவலி இருக்கிறதா, சாப்பிட முடிந்ததா, மதியத்துக்குப் பின் சிறுநீர் போனதா. தலைவலி இருப்பவர் மறுநாள் முகாமிலேயே ஓய்வு எடுக்கட்டும். மற்ற இரண்டு கேள்விக்கும் சரியான பதில் வராதவர் சிகரம் ஏற வேண்டாம், ஏரிக்கரை வரை நடந்தால் போதும்.